எஸ்தருக்குத் தெரியுமா?

பீடியின் வாயை மடக்கி அமுக்குவதற்குக் கட்டைவிரல் நகம் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது. எனக்கு இருந்தது. அதன் அடியில் புகையிலைத் தூள் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத ஒரு பழுப்பு. முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கப் போன முதல் வருஷம் முழுக்க அந்தக் கையைத் தாவணிக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள், "ஏதோ வாடை வருதுல்ல?" என்று சொல்லிவிட்டு முன் பெஞ்சுக்கு மாறிப் போனாள். அவள் கெட்டவள் இல்லை. வாடை வந்தது உண்மைதான்.

இரண்டாம் வருஷம் நாவல் பாடத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. எட்டாம் அத்தியாயத்தில், கொல்லன் வீட்டில் வளரும் பிப் என்ற பையன் ஒரு பாழடைந்த பெரிய வீட்டுக்கு விளையாடக் கூப்பிடப்படுகிறான். அங்கே எஸ்டெல்லா. அவன் வயசுதான், ஆனால் மகாராணி மாதிரி நடக்கிறாள். சீட்டு விளையாடும்போது அவன் ஜாக்கியை ஜாக்கி என்று சொல்லிவிட்டான். பெரிய வீட்டுக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்களாம். அதற்கு ஒரு சிரிப்பு. அப்புறம் அவன் கையைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். அன்றைக்கு வரைக்கும் தன் கை கரடுமுரடானது என்பதே பிப்புக்குத் தெரியாது. பேராசிரியர் வாசித்துக்கொண்டே போனார். நான் பெஞ்சுக்கு அடியில் நகத்தைக் கடித்தே எடுத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் பீடியின் வாய் மடங்கவே மாட்டேன் என்றது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் வேலை முழுக்கத் திண்ணையில்தான். அம்மா, அத்தை, எதிர்வீட்டு மதினி, இன்னும் நாலைந்து பேர் மடியில் பீடித் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இலையை முந்தின ராத்திரியே நனைத்து, தகரத் துண்டை அளவுக்கு வைத்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். காலையிலிருந்து சுற்றி இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிச் சாயங்காலம் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் சுற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். கை மட்டும் தன்னால் ஓடும், மனசுக்கு வேலை இருக்காது. அதனால் யாராவது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்தே வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளை உரக்க வாசிப்பது என் பொறுப்பு. அந்த நேரத்தில் என் பங்கு பீடியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் தொடர்கதை வாசிக்க எனக்கு நேரமில்லை. பாடமாக ஐந்நூறு பக்கம் இருந்தது. "அந்த இங்கிலீசு கதையத்தான் சொல்லேன்" என்றாள் அத்தை. வகுப்பில் எவ்வளவு நடந்ததோ அவ்வளவைச் சனி, ஞாயிறில் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். டிக்கன்ஸும் அதை வாரத் தொடராகத்தான் எழுதியவர். 1860 டிசம்பரில் தொடங்கி 36 வாரம் அவருடைய சொந்தப் பத்திரிகையில் வந்தது. அதில் வந்துகொண்டிருந்த இன்னொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிய, ஆசிரியரே பேனாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நம் ஊர்ப் பத்திரிகைகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் கிடையாது.

பெயர்கள்தான் முதல் சிக்கல். பிப், பிப்பு ஆனான். எஸ்டெல்லாவை மதினி முதல் நாளே எஸ்தர் ஆக்கிவிட்டாள்; எங்கள் பக்கத்தில் எஸ்தருக்கா பஞ்சம்? கல்யாணத்தன்று மாப்பிள்ளை கைவிட்டதால் கல்யாண உடுப்பைக் கழற்றாமலே கிழவியாகிப் போன மிஸ் ஹாவிஷாம், கல்யாணச் சேலைக்காரி. வீட்டுக் கடிகாரம் எல்லாம் எட்டு நாற்பதில் நின்றுபோனதையும், மேஜை மேல் கேக்கில் சிலந்தி கூடு கட்டியதையும் சொன்னபோது, "அவ்வளவு பெரிய வீட்டுல எறும்பு வராமலா இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். கால் விலங்கோடு கல்லறைத் தோட்டத்தில் பிப்பைப் பிடித்து மிரட்டி, அவன் திருடிக் கொடுத்த சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகும் மேக்விட்ச் வெறும் 'கள்ளன்'. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு வளர்த்துச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் பிப்பை ரகசியமாகப் பெரிய மனுஷனாக்குகிறவன் அவன்தான் என்று தெரிந்த அன்றைக்குத் திண்ணையில் ஒரு பீடியும் நகரவில்லை. பிப்பு அது கல்யாணச் சேலைக்காரியின் பணம், எஸ்தரைத் தனக்குக் கட்டிவைக்கத்தான் கொடுக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்! "நாங்களும் அப்படித்தானட்டி நெனச்சோம்" என்று அவனோடு சேர்ந்து அவர்களும் ஏமாந்தார்கள்.

எஸ்தரைப் பற்றித் திண்ணை இரண்டாகப் பிரிந்தது. அம்மாவுக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. கொல்லன் வீட்டிலேயே பிடி என்று ஒரு நல்ல பெண் இருக்கும்போது இவன் எதற்கு இந்தத் திமிர்பிடித்தவள் பின்னால் அலைகிறான் என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அத்தைக்கு எஸ்தரைப் பிடிக்கும். "அவ ஒண்ணும் மறைக்கலியே, எனக்கு மனசே கெடையாதுன்னு அவன்கிட்ட மொகத்துக்கு நேரா சொல்லிட்டாளே" என்பாள். அது நிஜம். மிஸ் ஹாவிஷாம் ஆம்பளைகளைப் பழிவாங்குவதற்கென்றே அவளை மூன்று வயசிலிருந்து வளர்க்கிறாள். அந்த வித்தையை எஸ்தர் எல்லோரிடமும் காட்டுகிறாள். பிப் பொறாமையில் வெந்து கேட்கும் ஓர் இடத்தில், உன்னைத் தவிர மற்ற எல்லோரையும்தான் ஏமாற்றுகிறேன் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். நாவலில் அவள் வாயிலிருந்து வரும் காதல் வார்த்தை என்றால் எனக்கு அது ஒன்றுதான். பிப் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. டிரம்மில் என்ற மாட்டுத்தடியனை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதிலேயே அவன் மனம் கிடந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு முடிச்சு. வக்கீல் ஜாகர்ஸ் வீட்டில் வேலை செய்யும் மாலி, மணிக்கட்டில் தழும்பு உள்ளவள். கொலை வழக்கில் இருந்து வக்கீல் அவளைத் தப்பவைத்தார். அவளுடைய குழந்தைதான் எஸ்தர். அப்பன்? அந்தக் கள்ளன். பிப்பின் கையைப் பார்த்துச் சிரித்த மகாராணி, விலங்குக் காலனுக்கும் தழும்புக் கைக்காரிக்கும் பிறந்தவள். பிப் இதைத் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கிறான். வக்கீல் வாயை மூடிக்கொள் என்கிறார். யாருக்காகச் சொல்லப் போகிறாய், அப்பனுக்காகவா, ஆத்தாளுக்காகவா, இல்லை இப்போதுதான் கல்யாணமாகிப் போயிருக்கும் மகளுக்காகவா, யாருக்கும் இதனால் நல்லது வராது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வாதம் அசைக்க முடியாதது. பிப் ஒப்புக்கொள்கிறான். சிறை ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் மேக்விட்சின் காதில் மட்டும், உன் மகள் உயிரோடு இருக்கிறாள், நான் அவளை நேசிக்கிறேன் என்று சொல்கிறான். அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதினி பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கடைசி அத்தியாயத்தைப் பங்குனி வெயிலில் சொல்லி முடித்தேன். பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு பிப்பு திரும்பி வருகிறான். பிடி அந்த நல்ல கொல்லன் ஜோவையே கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். இருட்டுகிற நேரம், இடித்துத் தள்ளப்பட்ட பெரிய வீட்டின் தோட்டத்துக்குப் பிப்பு போகிறான். பனிமூட்டம். அங்கே எஸ்தர். புருஷன் அவளைப் படுத்தாத பாடு படுத்தி, குதிரையையும் அடித்து, அதனாலேயே விபத்தில் செத்துப்போனான். பட்டுப் பட்டுத் தணிந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடக்கிறார்கள். பனி விலகுகிறது. முடிந்தது.

"சேந்துட்டாங்களா?" என்றாள் அம்மா.

"சேர்ந்த மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு. இனிமே பிரிவு வரும்னு அவனுக்குத் தோணலையாம்."

அத்தை நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "அது கெடக்கட்டும். அவ அப்பன் யாருன்னு அவகிட்ட சொன்னானா?"

"அது கதையில வரலை அத்தை."

"வரலியா, சொல்லலியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் கடைசிப் பக்கங்களை விரல் வைத்து வாசித்தேன். சொல்லவில்லை. சொல்ல நினைத்தான் என்றுகூட இல்லை. அந்த மனுஷனின் பெயரே அந்தத் தோட்டத்தில் எழவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கிளம்புகிற நேரத்தில் எஸ்டெல்லா சொல்வது, பிரிந்து இருந்தாலும் நண்பர்களாக இருப்போம் என்பதுதான். இனிப் பிரிவில்லை என்பது பிப்பின் மனசில் ஓடுவது. எழுதுகிறவனும் அவனே. அவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று கேட்டுக்கொண்டு நடக்கிறான், சின்ன வயசில் இருந்த மாதிரியே.

அடுத்த வாரம் கல்லூரி நூலகத்தில் வேறு ஒரு பதிப்பைத் தேடி எடுத்தேன். பரீட்சைக்கு இல்லை, அத்தைக்காக. வேறு பதிப்பில் சொல்லியிருப்பானோ என்று ஒரு நப்பாசை. அதன் பின்னிணைப்பில் இருந்தது வேறு ஒரு முடிவு. டிக்கன்ஸ் முதலில் எழுதியது அதுதானாம். 1861 ஜூனில் நண்பர் புல்வர் லிட்டனின் நெப்வொர்த் மாளிகைக்குப் போயிருந்தபோது அச்சுப் படியைக் காட்ட, இப்படி முடிக்காதே என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அவரும் பெயர்போன நாவலாசிரியர், வாசகர் நாடி தெரிந்தவர். டிக்கன்ஸ் மாற்றிவிட்டார். வாழ்க்கை வரலாறு எழுதிய ஜான் ஃபார்ஸ்டருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. டிக்கன்ஸ் இறந்தபின், 1874இல் வந்த மூன்றாம் தொகுதியில், பழைய முடிவை எடுத்து உலகத்துக்குக் காட்டினார். 1937இல் பெர்னார்ட் ஷா பழைய முடிவோடேயே ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். புதிய முடிவின் கடைசி வாக்கியத்தையும் டிக்கன்ஸ் நிம்மதியாக விடவில்லை. கையெழுத்துப் படியில் மரணம் ஒன்றைத் தவிர என்று பொருள்படும்படி ஒரு வால் இருந்தது, அதை வெட்டினார். நூலாக வந்தபின் சொற்களை மறுபடி இடம் மாற்றினார். அவருக்கே முடிவுக்கு வர முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பழைய முடிவில் தோட்டமும் இல்லை, பனியும் இல்லை. லண்டனில் பிக்கடிலித் தெருவில் பிப் ஜோவின் குட்டிப் பையனைக் கூட்டிக்கொண்டு நடந்து போகிறான். ஒரு வண்டியிலிருந்து அழைப்பு. எஸ்டெல்லா. டிரம்மில் செத்தபின் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள்; டிரம்மில் அவளை வதைத்ததைக் கண்டு ஒருமுறை குறுக்கே வந்த மனுஷன் அவர். பையனைத் தூக்கச் சொல்லி முத்தம் கொடுக்கிறாள். அவனைப் பிப்பின் மகன் என்று நினைத்துக்கொள்கிறாள். பிப் திருத்தவில்லை. இரண்டு நிமிஷம். அவள் போய்விடுகிறாள்.

இதை ஓட்டமாக வந்து திண்ணையில் சொன்னேன். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. "அந்த டாக்டரு நல்லவரு. அவ நல்லாருக்கட்டும்." மதினிக்கு ஒரே குழப்பம். "ரெண்டு முடிவு எழுதினானா? அப்ப எதுட்டி நெசமா நடந்தது?" அத்தை மட்டும் சிரித்தாள். "இதுலயும் வாயத் தொறக்கல பாரு. எம்புள்ள இல்லன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவான்?"

அவளுடைய அந்தக் கேள்வியை வைத்தே நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன் என்று சொன்னால் பொய்யில்லை. எம்.ஏ. முடித்து, வேலை கிடைத்து, அதே நாவலை வேறு வேறு ஊர்களில் நடத்தினேன். பிப்பும் எஸ்டெல்லாவும் சேர்ந்து வாழ முடியுமா என்று மாணவிகளைக் கேட்டால், பாதி வகுப்பு முடியும் என்னும். அவள் பட்டுத் தெளிந்துவிட்டாள், அவனும் தெளிந்துவிட்டான், அப்புறம் என்ன தடை? நான் வக்கீல் ஜாகர்ஸின் வாதத்தை எடுத்துப் பலகையில் எழுதுவேன். அப்பனுக்காகவா? அப்பன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மகளின் புருஷனும் செத்துவிட்டான், அவன் காதுக்குப் போகும் என்ற பயம் இல்லை. மாலி என்ன ஆனாள் என்று கடைசி அத்தியாயம் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தாலும் வக்கீல் சொன்ன காரணங்கள் அநேகமாகக் காலாவதி. இப்போதும் எதற்கு மறைக்கிறான்?

ஒருத்தி சொன்னாள்: "மேடம், தெரிஞ்சா அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்." இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டால் அவள் மகாராணி இல்லை. இவன் சின்ன வயசில் கண்டு கிறங்கிய நட்சத்திரம், தன்னைப் போலவே அழுக்கிலிருந்து தூக்கி வைக்கப்பட்டவள். அதற்கப்புறமும் இவனுக்கு அவள் வேண்டியிருப்பாளா என்பது இவனுக்கே நிச்சயமில்லை என்பது என் கட்சி. இதில் நான் கொஞ்சம் அநியாயம் செய்கிறேன் என்று தெரியும். மேக்விட்சின் காதில் இவன் சொன்னதை நினைத்தால் மனசு இளகத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் ஒருநாளும் அவனிடம் பொய் சொன்னவள் இல்லை. அவளுடைய பிறப்பையே மடியில் கட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து நடக்கிறவன் அவன். அந்த ஜோடி தோட்டத்து வாசல் வரைக்கும் போகும். அப்புறம் ஒரு வீடு எடுத்து, சாயங்காலம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவள் அவனைப் பார்த்து, "என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்டால்?

டிக்கன்ஸ் 1858இல் மனைவியைப் பிரிந்ததையும், தன்னைவிட இருபத்தேழு வயது சின்னவளான நடிகை எல்லன் டெர்னனையும் கொண்டுவந்து எஸ்டெல்லாவோடு முடிச்சுப் போடும் புத்தகங்கள் நிறைய உண்டு. படித்தேன். அத்தையின் கேள்விக்கு அதில் விடை கிடைக்கவில்லை.

விடை கிடைத்தது ஒரு சினிமாவில். டேவிட் லீன் 1946இல் எடுத்தது. நான் வேலைக்குப் போனபின் வாடகை டிவிடியில் பார்த்தேன். அதில் டிரம்மிலோடு கல்யாணமே நடக்காது. எஸ்டெல்லாவின் பெற்றோர் யார் என்று வக்கீல் சொல்லிவிட, மாப்பிள்ளை வேண்டாம் என்று ஓடிவிடுவான். அவள் மிஸ் ஹாவிஷாமின் நாற்காலியில் போய் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். பிப் வந்து மக்கிப்போன திரைச்சீலைகளைப் பிடித்து இழுத்துக் கிழிப்பான், வெயில் கொட்டும், இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நாவலை நேசிக்கிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதுண்டு. நானும் பிதுக்கியிருப்பேன், திண்ணையில் வளராதிருந்தால். லீனின் எஸ்டெல்லாவுக்குத் தன் அப்பன் யாரென்று தெரியும். பிப்புக்கும் தெரியும். மிச்சம் மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அந்த இரண்டு பேரும் ஓடுவது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் எங்கள் வீட்டோடு இருந்ததற்குக் காரணம், மாமா தாராவிக்கு வேலைக்குப் போனவர் கடிதாசி போடுவதை நிறுத்திவிட்டிருந்தார். முதல் இரண்டு வருஷம் மணியார்டர் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அங்கே யாரோ இருக்கிறாள் என்றார்கள், ஜெயிலில் இருக்கிறார் என்றார்கள். அத்தை எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆயிரத்து இருநூறு சுற்றினாள்.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த வருஷம் ஒரு நாள் மத்தியானப் பேருந்தில் மாமா வந்து இறங்கினார். கையில் ஒரு ரெக்ஸின் பை. தலை பாதி நரைத்திருந்தது. தெருவே எழுந்து நின்று பார்த்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த கட்டை எண்ணி முடித்துச் சுற்றி வைத்துவிட்டு, "பானையில கஞ்சி இருக்கு" என்றாள். அவர் உள்ளே போய்ச் சாப்பிட்டார். வெளியே வந்து திண்ணையின் அடுத்த முனையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், கத்தரிக்கோலை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தார்.

அப்புறம் அவர் எங்கேயும் போகவில்லை. ஊரில் ஒவ்வொருவராக வந்து அம்மாவிடம், "சேந்தாச்சா?" என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கும் தெரியவில்லை. ஒரு விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது, மாமா கடைக்குக் கட்டு கொண்டுபோயிருந்த நேரமாகப் பார்த்து, துணிந்து கேட்டேன்.

"இத்தன வருஷம் எங்க இருந்தாருன்னு சொன்னாரா அத்தை?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமா வெட்டி வைத்திருந்த இலைகளைத் தகரத் துண்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாமே விரல்கடை பெரிசு. ஓரத்தை நறுக்கி நறுக்கி எடுத்து மடியில் போட்டாள்.

"ஒன் பிப்பு சொல்லிட்டானாட்டி?" என்றாள்.